உண்ணிக்கு ரத்தம் வாங்கிய நாட்கள்

கீழ்பென்னாத்தூரில் எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில் ஒரு கொட்டாங்கச்சி எப்போதும் இருக்கும். அதில் இரண்டு விரல் அளவுக்கு மண்ணெண்ணெய். காலையில் பால் கறந்து முடித்ததும் அம்மா பசுவின் காதுமடலையும் மடியிடுக்கையும் தடவித் தடவி உண்ணிகளைப் பிடுங்கி அதில் போடுவாள். பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்து நானும் அதைச் செய்திருக்கிறேன். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து பி.எஸ்ஸி. விலங்கியல் படித்துவிட்டு, தினமும் திருவண்ணாமலைக்கு பஸ் ஏறிப் போய், மாதச் சம்பளத்துக்கு உண்ணி வளர்த்தவள் நான்.

அப்பாவுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. "நாங்க பொறுக்கிக் கொல்றோம், நீ பொறுக்கி வளக்கறியா? நல்லா இருக்குடி உங்க கவர்மெண்டு" என்று விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. பெண் பார்க்க வருகிறவர்களிடம் "லேப்ல இருக்கா" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், அதற்கு மேல் ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டிருந்தாள்.

எழுபதுகளின் பிற்பகுதி. அப்போது எங்கள் பக்கம் எல்லாம் வட ஆற்காடு மாவட்டம். எந்தக் காகிதமும் வேலூருக்குப் போய்த்தான் திரும்பி வரும். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தையும் தாண்டி, ஓடு போட்ட நான்கு அறைகளும் பின்னால் ஒரு கொட்டகையும் கொண்ட சின்ன நிலையம் எங்களுடையது. மாட்டு உண்ணியைக் கொல்லும் மருந்துகளைச் சோதிப்பது வேலை. கொல்ல வேண்டுமானால் முதலில் உண்ணி வேண்டும், அதுவும் ஒரே வயதில், நோயில்லாமல், நூற்றுக்கணக்கில். அதனால் வளர்த்தோம். இப்போது அந்த நிலையம் இல்லை.

மொத்தம் மூன்று பேர். ஒரு டாக்டர், மாட்டு டாக்டர்தான், நாற்பத்தைந்து வயது, தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இரண்டாவது நான். மூன்றாவது, கொட்டகையையும் கூட்டுவது பெருக்குவதையும் பார்த்துக்கொண்ட அட்டெண்டர். அவளுக்கு என்னைவிட நான்கைந்து வயதுதான் கூட இருக்கும். புருஷன் இதே வேலையில் இருந்து இறந்துபோனதால் அவளுக்கு வந்த வேலை. நான் அவளை 'நீ' என்பேன், அவள் என்னை 'அம்மா' என்பாள். அதில் எதுவும் தப்பாக அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே அவளோடு ஒரு சின்ன உரசல் வந்தது. மதியம் ஆராய்ச்சி அறையின் மூலையில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். கருவாட்டுக் குழம்பு. எங்கள் வீட்டில் முட்டைகூட வாசற்படி ஏறாது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். "இந்த நாத்தத்தை எடுத்துட்டு வெளியே போ. இனிமே கறி, மீன், கருவாடுன்னு எந்தப் பேச்சும் இந்த ரூமுக்குள்ள எடுக்கக் கூடாது" என்று கத்திவிட்டேன். அவள் டப்பாவை மூடிக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் சாப்பாடு அங்கேதான். டாக்டரும் சைவம் என்பதால் எனக்குப் பரிந்துதான் பேசினார். உண்ணியை வெறும் விரலால் நசுக்குகிற கைக்கு இத்தனை ஆசாரம் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்குத்தான் கேட்டுக்கொள்கிறேன்.

கொட்டகையில் ஒரு காளைக் கன்று இருந்தது. நெற்றியில் மட்டும் வெள்ளை, மற்றபடி செவலை. உண்ணிக்கு ரத்தத்தைத் தவிர வேறு சாப்பாடு கிடையாது. அதுவும் கொசு மாதிரி குத்திவிட்டு ஓடுகிற சாதி இல்லை. ஒரு இடத்தில் வாயை ஊன்றினால் எட்டு நாளோ பத்து நாளோ அங்கேயே கிடந்து குடித்து, ஆமணக்கு விதை அளவுக்கு உப்பிய பிறகுதான் தானாக விழும். பிறகு முட்டையிடும். ஆகவே கன்றின் இரண்டு காதுகளுக்கும் வெள்ளைத் துணியில் பை தைத்து, அடியில் பசை போட்டு ஒட்டி, உள்ளே உண்ணிகளை விட்டிருப்போம். பார்க்கிறவர்களுக்குக் கன்று காதில் காலுறை மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் வேலி ஓரமாக நின்று அதற்கு வாழைப்பழம் கொடுப்பாள். காதுப்பை ஏதோ சாங்கியம் என்று நினைத்து ஒருநாள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

எனக்கு முன்னால் அங்கே இரண்டு கன்றுகள் இருந்திருக்கின்றன. அவை என்ன ஆயின என்று டாக்டரைக் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

இந்தக் கன்று என்னைக் கண்டால் முந்தானையைப் பிடித்து இழுக்கும். வீட்டிலிருந்து கடலைப் புண்ணாக்கு கொண்டுவந்து கொடுத்துப் பழக்கிவிட்டேன், அதனால்தான். வாரம் ஒருமுறை அதன் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பது என் வேலை. சிவப்பாக இருக்க வேண்டிய இடம் ரத்தம் குறையக் குறைய வெளுக்கும். நான் பார்க்கத் தொடங்கியபோது இளஞ்சிவப்பாக இருந்தது. ஆடி மாதம் முடிவதற்குள் சுண்ணாம்பு அடித்தது போல ஆகிவிட்டது. அடுத்த தொகுதி உண்ணியையும் இதன் காதிலேயே விட்டால் இது தாங்காது என்று டாக்டரிடம் சொன்னேன்.

அவருக்கும் மனசு இல்லாமல் இல்லை. எங்கிருந்தோ தபாலில் வரும் ஆராய்ச்சிப் பத்திரிகைகளைப் படித்துவிட்டு, ஒரு மாதமாகவே ஒரு யோசனையில் இருந்தார். உண்ணிக்கு மாடு வேண்டாம், தோல் மாதிரி ஒரு சவ்வும் அதன் கீழே சூடான ரத்தமும் இருந்தால் போதும், அது ஏமாந்து குடித்துவிடும் என்று வெளிநாடுகளில் முயன்றுகொண்டிருந்தார்களாம். "நாமும் பண்ணிப் பார்ப்போமே" என்றார். அறைச் சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. அதில் தன் அழகான கையெழுத்தில் எழுதினார்: 'சவ்வில் குடித்த உண்ணி முட்டை வைத்ததும் கன்றை விட்டுவிட வேண்டும்.' குடித்தால் மட்டும் போதாது, முட்டை வைத்தால்தான் வம்சம் நிற்கும், அதனால்தான் இப்படி எழுதியிருக்கிறேன் என்றார். அதுவரை, ஏற்கெனவே காதில் இருப்பவை இருக்கட்டும். கையில் இருக்கும் உண்ணி வம்சம் அறுந்துபோனால் இரண்டு வருஷ வேலை போய்விடும். எனக்கு அந்தப் பலகையே கன்றின் விடுதலைப் பத்திரம் மாதிரி இருந்தது.

சாதனம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அரிக்கேன் விளக்குச் சிம்னி ஒன்றை வாங்கி, அதன் அடிவாயில் ஆட்டுக் குடலின் மேல் சவ்வை இழுத்துக் கட்டினோம். உள்ளே உண்ணிகள். மேல்வாய்க்கு வலைத்துணி. சிம்னியை ஒரு கிண்ணத்து ரத்தத்தில், சவ்வு மட்டும் தொடும்படி நிறுத்த வேண்டும். கிண்ணம் வெந்நீர்த் தட்டில். முழுவதும் ஒரு மரப்பெட்டிக்குள், நாற்பது வாட் பல்பின் சூட்டில். ரத்தம் கெடாமல் இருக்கப் பென்சிலின். காலையும் மாலையும் பழைய ரத்தத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். ஆகவே தினமும் புது ரத்தம் வேண்டும்.

கன்றிடமிருந்தே எடுக்கலாம் என்றால், அதற்கே போதவில்லை என்றுதானே இந்தப் பாடு? ஆட்டு ரத்தமே போதும் என்றார் டாக்டர். பெரிய கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு பாய் கறிக்கடை வைத்திருந்தார். டாக்டர் என்னை உட்கார வைத்து விளக்கினார்: ரத்தம் வெளியே வந்த சில நிமிஷத்தில் உறைந்துவிடும், உறைந்தால் உண்ணியால் உறிஞ்ச முடியாது, ஆகவே சூடாக இருக்கும்போதே ஒரு குச்சியால் விடாமல் கிளற வேண்டும், நார் நாராகக் குச்சியில் சுற்றிக்கொண்டு வரும், அதை எடுத்து எறிந்துவிட்டால் மிச்சம் உறையாது. "அட்டெண்டரை அனுப்பினா சரியா சொல்லத் தெரியாது. நீங்களே போங்க. பக்கத்துல நின்னு பாத்து வாங்கிட்டு வாங்க" என்றார்.

போனேன். ஆனால் பக்கத்தில் நிற்கவில்லை. தெருவின் எதிர்ப்பக்கம், கடையின் வாடை எட்டாத இடத்தில் நின்று, மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு, "பாய், குச்சியால நல்லா கிளறணும், கட்டி தட்டக் கூடாது" என்று கத்தினேன். பாய்க்கு ஐம்பது வயது இருக்கும், நிதானமான மனிதர். "கட்டியா? நம்ம கடையில ரத்தம் வாங்கி யாரும் கட்டின்னு சொன்னதில்லம்மா" என்று சிரித்துக்கொண்டே என் பிளாஸ்கை வாங்கிக்கொண்டு போனார். அவர் நிரப்பிக்கொண்டு வரும்வரை நான் தலையைத் திருப்பி ராஜகோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுநாளும் அப்படித்தான். ஐந்து வாரம், ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல், நான் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்காமல் கோபுர தரிசனம் செய்துகொண்டிருந்தேன்.

டாக்டர் பிளாஸ்கைத் திறந்து ரத்தத்தைக் கிண்ணத்தில் ஊற்றிச் சாய்த்துப் பார்த்தார். "ஒரு கட்டி இல்லை. பாய் நல்ல கைகாரர்" என்றார். எனக்கும் பெருமையாக இருந்தது, நான்தான் சொல்லிக்கொடுத்தேன் அல்லவா.

உண்ணிகள் குடிக்கவில்லை.

முதல் தொகுதி சவ்வின் மேல் இரண்டு நாள் ஊர்ந்தது, மூன்றாம் நாள் சிம்னியின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டது, ஒரு வாரத்தில் செத்தது. சூடு போதவில்லை என்று பல்பை மாற்றினோம். இரண்டாம் தொகுதியில் இரண்டு மூன்று வாயை ஊன்றின, மறுநாள் எடுத்துவிட்டன. மாட்டு வாசனை இல்லாததால் என்று நினைத்து, கன்றின் முதுகு மயிரைக் கத்தரித்துச் சவ்வின் மேல் ஒட்டினேன். மூன்றாம் தொகுதிக்குக் கன்றின் காது அழுக்கைப் பஞ்சில் எடுத்துத் தடவினேன். அவை வந்து முகர்ந்து பார்த்தன, குத்தின, விலகின. சவ்வு தடிப்பு என்று மெல்லிய சவ்வாக மாற்றினோம். வெளிச்சம் ஜாஸ்தி என்று பல்புக்குச் சிவப்புக் காகிதம் சுற்றினோம். மின்சாரம் போய்விட்டால் கெட்டிலில் வெந்நீர் வைத்து ஊற்றிக்கொண்டே இருப்பேன். அந்த நாட்களில் உண்ணிகளுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே இல்லை என்று சொல்லலாம். அவ்வளவு வீம்பு பிடித்த ஜீவனை நான் பார்த்ததில்லை, கண்ணாடியில் தவிர.

எல்லாவற்றையும் மாற்றினோம், ரத்தத்தை மட்டும் சந்தேகிக்கவில்லை. ஒரு சொட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். இரண்டு பட்டதாரிகள் இருந்தோம், ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

இதற்கிடையில் கன்றின் காதில் இருந்தவை விழுந்துவிட்டன. சவ்வில் ஒன்றும் நடக்காததால் அடுத்த தொகுதியையும் கன்றின் காதிலேயே விட வேண்டியிருந்தது. பையை ஒட்டியவள் நான்தான். அதற்குக் காதில் பசை தடவினால் முன்னெல்லாம் தலையை உதறும். இந்த முறை உதறவில்லை. புண்ணாக்கைக் கையில் வைத்து நீட்டினால் நக்கிவிட்டு விட்டுவிட்டது. மேய்ச்சலுக்குப் போய்விட்டு வரும்போது மூச்சு வாங்கிற்று. தினமும் காலையில் உள்ளே நுழைந்ததும் முதலில் சிம்னியைப் பார்ப்பேன், பிறகு பலகையைப் பார்ப்பேன், பிறகுதான் கொட்டகைக்குப் போவேன். போகவே பயமாக இருக்கும்.

ஆறாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை, ரத்தம் மாற்றும்போது கை தவறி பிளாஸ்க் கீழே விழுந்தது. அறை முழுவதும் ரத்தம். அட்டெண்டரைக் கூப்பிட்டேன். வாளியும் துணியும் கொண்டுவந்து துடைத்துவிட்டுப் போனாள். மேஜைக்கு அடியில் ஒரு கை அகலம் அவள் கண்ணில் படாமல் விட்டுப்போயிற்று. மத்தியானத்துக்கு மேல் அதைப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமையும் அதுவுமாக இப்படித் துடைக்கிற லட்சணமா என்று மறுபடி கூப்பிட்டுத் திட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். காய்ந்த ரத்தத்தின் ஓரம் முழுவதும் வெள்ளையாகப் பொரிந்திருந்தது.

"உப்பு பூத்திருக்குதும்மா, வேற ஒண்ணுமில்ல" என்றாள்.

"உப்பா? ரத்தத்துல ஏது உப்பு?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் விளையாடுகிறேனா என்று பார்த்த மாதிரி இருந்தது. "பாய் கடை ரத்தம்தானேம்மா? உப்பு போட்டுத்தானே தருவாங்க. ஏனத்துல ரெண்டு கை கல்லுப்பு போட்டு, கொஞ்சம் தண்ணி விட்டு, அதுலதான் புடிப்பாங்க. அப்பதான் கட்டி தட்டாது. பொரியல் பண்ணா நல்லா உதிரியா வரும். எங்க வாங்கனாலும் அப்படித்தாம்மா."

கிண்ணத்தில் மிச்சமிருந்த ரத்தத்தில் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். வட்டமாக இருக்க வேண்டிய அணுக்கள் எல்லாம் சுருங்கி, நெருஞ்சி முள் மாதிரி இருந்தன. ஐந்து வாரமாக உண்ணிகளுக்கு நான் ஊற்றியது ஊறுகாய்.

வெட்கம் வரும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் முதலில் வரும். "இது உனக்கு முன்னாடியே தெரியுமில்ல? ஏன் சொல்லலை? தினமும் அந்த பிளாஸ்கைக் கழுவி வெக்கறவளே நீதானே!" என்று அவள் மேல் பாய்ந்தேன்.

"உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? படிச்சவங்க, உப்பு போட்ட ரத்தம்தான் வேணும்னு வாங்கறீங்கன்னு நெனச்சேன்" என்றாள். பிறகு துணியை வாளியில் பிழிந்துகொண்டே சொன்னாள்: "நீங்கதானே கறி, மீனு பேச்சே இந்த ரூமுக்குள்ள எடுக்கக் கூடாதுன்னீங்க."

அவள் குத்திக்காட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

மறுநாள் பொழுது விடிந்ததும் பாய் கடைக்குப் போனேன். தெருவின் எதிர்ப்பக்கம் நிற்கவில்லை. கடைக்குள்ளேயே போய், ஏனத்தின் மேல் குனிந்து நின்றேன். "பாய், உப்பு வேணாம்" என்றேன். அவருக்கு ஆச்சரியம். "உப்பு இல்லாமயா? அப்புறம் பொரியல் எப்படிம்மா?" நான் பொரியலுக்கு இல்லை, உண்ணிக்கு என்றேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். இத்தனை நாளும் எங்கள் ஆபீஸில் ஏதோ பெரிய குடும்பம் ரத்தப் பொரியல் விரும்பிச் சாப்பிடுகிறது, சைவ வீட்டுப் பெண் பாவம் யாருக்காகவோ மூக்கைப் பிடித்துக்கொண்டு வாங்கிப்போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். "மொதல்லயே சொல்லியிருந்தா நான் வெறும் ரத்தமே தந்திருப்பேனேம்மா" என்று மனசு நொந்து சொன்னார். நானே குச்சியை வாங்கிக் கிளறினேன். டாக்டர் சொன்ன அந்த நார் குச்சியில் சுற்றிக்கொண்டு வந்தது. அப்போதுதான் அதை முதல் முறையாகப் பார்த்தேன். எனக்கு வாந்தி வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அட்டெண்டர் சொன்ன பதில் ஒன்றைத் தவிர. அவர் கண்ணாடியை வெகுநேரம் துடைத்தார். பிறகு, கன்றின் காதில் இருக்கிற தொகுதி பாதி குடித்துவிட்டது, இப்போது பிடுங்கினால் அதுவும் வீண், சவ்வு வேலை செய்கிறதா என்று இன்னும் தெரியாது, இன்னும் ஒரு வாரம் மட்டும் இருக்கட்டும் என்றார். நானும் தலையாட்டினேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இருந்தாலும், அந்தத் தலையாட்டலை நான் மறக்கவில்லை.

உப்பில்லாத ரத்தத்தை ஊற்றிய இரண்டாம் நாளே ஏழு உண்ணிகள் சவ்வில் வாயை ஊன்றிவிட்டன. தொட்டுப் பார்த்தேன், அசையவில்லை. நான்காம் நாள் வயிறு லேசாகப் பருத்துச் சாம்பல் நிறம் தட்டியது. எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் "குடிக்குதும்மா!" என்றேன். அவள் மாப்பிள்ளை வீட்டுக் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தாள், தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆறாம் நாள் காலை கன்று எழுந்திருக்கவில்லை.

அட்டெண்டர் வாசல் கேட்டுக்கே ஓடிவந்து சொன்னாள். கொட்டகையில் கழுத்தை நீட்டிப் படுத்திருந்தது. இமையை இழுத்துப் பார்த்தேன், காகிதம் மாதிரி இருந்தது. நான் யாரையும் கேட்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்து இரண்டு பைகளையும் வெட்டி எறிந்தேன். காதுக்குள் இருந்த உண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். இடுக்கி வழுக்கியது, விரலாலேயே பிடுங்கினேன். அட்டெண்டர் மண்ணெண்ணெய் கொண்டுவந்தாள், ஒரு கொட்டாங்கச்சியில். நான் கேட்கவேயில்லை. இரண்டு வருஷ வம்சத்தில் பாதி அதற்குள் போயிற்று. டாக்டர் வந்து வாசலில் நின்று பார்த்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து கன்றின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "அந்தக் காதையும் பாருங்க" என்றார்.

ஊசி போட்டார். வேலூருக்கு ஆள் அனுப்பி மருந்து வரவழைத்தார். அட்டெண்டர் கேழ்வரகுக் கூழை மூங்கில் குழாயில் ஊற்றிப் புகட்டினாள். அந்த வெள்ளைக்காரப் பெண் வேலியோரம் வந்து நின்று, இரண்டு பழத்தை வைத்துவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் மத்தியானம் கன்று செத்துப்போயிற்று. அப்போது அதன் காதில் ஒரு உண்ணிகூட இல்லை.

"இது எப்படியும் பிழைச்சிருக்காதுங்க. போன வருஷமே ரத்தம் போயிடுச்சு" என்று டாக்டர் என்னிடம் சொன்னார். எனக்காகச் சொன்னார் என்று தெரிந்தது. ஐந்து வாரம் முன்பு உப்பில்லாமல் ஒரு பிளாஸ்க் ரத்தம் வந்திருந்தால், அந்தக் கடைசித் தொகுதியை அதன் காதில் விட வேண்டிய அவசியமே இருந்திருக்காது. இந்தக் கணக்கைப் போட எனக்குப் பி.எஸ்ஸி. தேவைப்படவில்லை. நான் கொன்றேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் மூக்குக்கு அதில் பங்கு உண்டு.

கன்று போன இரண்டாம் நாள் சிம்னிக்குள் முதல் உண்ணி நிறையக் குடித்து, உப்பி, தானாக விழுந்தது. அதைத் தனிப் புட்டியில் போட்டுப் பெட்டியில் வைத்தேன். பன்னிரண்டு நாள் கழித்து அதன் வயிற்றுக்கு முன்னால் பழுப்பாக, கேழ்வரகைக் குவித்த மாதிரி முட்டைகள். டாக்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வேலூருக்கு எழுதிய அறிக்கையில், தகுந்த முறையில் சேகரித்த ஆட்டு ரத்தம் பயன்படுத்தப்பட்டது என்று ஒரு வரி இருந்தது. உப்பும் இல்லை, கன்றும் இல்லை. டைப் அடித்தவள் நான். அதன்பிறகு அந்த நிலையத்தில் நான் இருந்த ஆறு வருஷமும் வேறு கன்று வாங்கவில்லை. எல்லா உண்ணியும் சிம்னியில்தான் குடித்தன.

முட்டையைப் பார்த்த அன்று மத்தியானம் அட்டெண்டர் அறையைப் பெருக்க வந்தாள். சுவர்ப் பலகைக்கு முன்னால் வந்ததும் நின்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கன்று இருந்தபோது நானே அவளுக்கு இரண்டு மூன்று முறை படித்துக் காட்டியிருக்கிறேன்.

"இத அழிச்சிடட்டாம்மா?" என்றாள்.

நான் எழுந்துபோய் அவள் கையிலிருந்த துணியை வாங்கி நானே அழித்தேன். சாக்பீஸ் பழசாகிப் பலகையில் பிடித்துக்கொண்டிருந்தது, ஈரம் தொட்டுத் தேய்க்க வேண்டியிருந்தது. அழுதேன். அவள் பார்க்காதது போல மேஜைக்கு அடியில் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

பிறகு என் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். அவள் தினமும் உட்காருகிற இடத்தில், காலியாக இருந்த தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் வந்தாள். என்னைப் பார்த்ததும் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு வேலிப் பக்கம் நகர்ந்தாள்.

"இங்கயே உக்காருங்க. இங்கயே சாப்பிடுங்க" என்றேன்.

"இருக்கட்டும்மா, பழகிடுச்சு" என்று சிரித்தாள். ஆனாலும் என் சொல்லைத் தட்டக் கூடாது என்று திரும்பி வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள். வீட்டு நிலவரம், மழை, பஸ் எல்லாம் பேசினோம். நான் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வரும்வரை அவள் தன் டப்பாவைத் திறக்கவேயில்லை.